புது கிராபிக்ஸ் கார்டு பழைய 1060-ஐ விட மெதுவாக ஓடுகிறது, கார்டில் கோளாறா?

யாங்கோன்_வீடியோ:
எல்லோருக்கும் வணக்கம். கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறேன். மெஷின் பழசுதான்: ஐ5-4570 புராசசர், எச்81 மதர்போர்டு, 16 ஜிபி ராம், விண்டோஸ் 10. ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி போட்டிருந்தேன். அதன் ஃபேன் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்ததால் மாற்றிவிடலாம் என்று கடைக்குப் போனேன். “உங்களுடையது 2016 மாடல், இது 2022-இல் வந்தது, யோசிக்கவே வேண்டாம்” என்று சொல்லி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி கொடுத்தார்கள்.

போட்டதிலிருந்து தலைவலி. பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது) போட்டால், கரண்டு இருக்கும் நேரத்துக்குள் முடிவதில்லை. பாதியில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடுகிறது. ராத்திரியில் அக்கா மகன் கார் கேம் விளையாடுவான். நேராகப் போகும்வரை சரி, வளைவில் திரும்பினால் படம் அப்படியே நின்று நின்று வருகிறது என்கிறான். 1060-இல் இப்படி இல்லை. கார்டு டிஃபெக்டா?

மோல்மேன்காரன்:
முதலில் இரண்டு விஷயம் பாருங்கள் தம்பி. மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கார்டில் சொருகியிருக்கிறதா? அப்புறம், என்விடியா கார்டிலிருந்து ஏஎம்டி கார்டுக்கு மாறியிருக்கிறீர்கள், பழைய டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) டிடியு என்ற நீக்கும் புரோகிராமை வைத்துச் சுத்தமாகத் துடைத்தீர்களா?

யாங்கோன்_வீடியோ:
கேபிள் கார்டில்தான் இருக்கிறது அண்ணே. டிடியு இப்போதுதான் சேஃப் மோடில் ஓட்டி, டிரைவரைப் புதிதாகப் போட்டேன். மாற்றம் இல்லை.

பட்டறை_அண்ணன்:
எச்81 என்று படித்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற புரோகிராமை இறக்கித் திறந்து பாருங்கள். முதல் பக்கத்தில் பஸ் இன்டர்ஃபேஸ் என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி, கார்டுக்கு வேலை கொடுக்கும் அந்தச் சின்ன ரெண்டர் டெஸ்டை ஓடவிட்டுப் பாருங்கள். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அந்த எண்ணை நம்பாதீர்கள். டெஸ்ட் ஓடும்போது என்ன காட்டுகிறது என்று அப்படியே எழுதுங்கள்.

யாங்கோன்_வீடியோ:
“பிசிஐஇ எக்ஸ்4 4.0 @ எக்ஸ்4 2.0” என்று வருகிறது.

பட்டறை_அண்ணன்:
அப்போது கார்டில் கோளாறு இல்லை. உங்கள் போர்டுக்கும் அந்தக் கார்டுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

பிசிஐஇ என்பது கார்டும் போர்டும் டேட்டா பரிமாறிக்கொள்ளும் இணைப்பு. எக்ஸ்4 என்றால் நாலு லேன், அதாவது நாலு பாதை; 4.0, 2.0 என்பது தலைமுறை, எண் கூடினால் வேகமும் கூடும். 6500 எக்ஸ்டி-யின் அடியில் உள்ள சொருகு நீளமாகத் தெரிந்தாலும் உள்ளே நாலு லேன்தான். லேப்டாப்பை மனதில் வைத்துச் செய்த சிப் அது. பிசிஐஇ 4.0 போர்டில் அந்த நாலு லேனிலேயே நொடிக்கு 8 ஜிபி போகும், பெரிதாகத் தெரியாது. உங்கள் ஐ5 தனியாக 3.0 தரக்கூடியதுதான், ஆனால் போர்டில் உள்ள எச்81 சிப்செட் அதை 2.0-இல் கட்டிப்போட்டுவிடும். 2.0-இல் நாலு லேன் என்றால் நொடிக்கு 2 ஜிபி. 1060-க்கு 16 லேன், அதனால் இதே போர்டில் 8 ஜிபி கிடைத்துக்கொண்டிருந்தது. 16 வாசல் உள்ள மண்டபத்தில் நாலை மட்டும் திறந்து வைத்துப் பந்திக்கு ஆள் விடுகிற கதை.

கார்டின் சொந்த மெமரிக்குள் வேலை அடங்கும்வரை இந்த வாசல் குறுகியிருப்பது அவ்வளவாகத் தெரியாது. 4 ஜிபி நிரம்பியதும் மிச்சம் சிஸ்டம் ராமுக்குப் போகும், அங்கிருந்து இந்த வழியாகத்தான் வரவேண்டும். வளைவில் திரும்பும்போது புதுக் காட்சிக்கு டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) தேவைப்படும், அங்கேதான் நிற்கிறது. 1060-இல் 6 ஜிபி, கார்டுக்குள் மெமரிக்குப் போகும் பாதை (பஸ்) 192 பிட். இதில் 64 பிட். மெமரி வேகமே அதில் நொடிக்கு 192 ஜிபி, இதில் 144. ஆண்டைப் பார்த்து அளந்தால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

சந்தேகம் இருந்தால் அக்கா மகனை அதே கேமில் டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்கி, அதே வளைவில் ஓட்டச் சொல்லுங்கள். கார்டைக் கண்காணிக்கும் ஆஃப்டர்பர்னர் புரோகிராமில் மெமரி எவ்வளவு என்று பாருங்கள்.

மோல்மேன்காரன்:
இதில் ஒரு வேடிக்கை. 4 ஜிபி மெமரி இனி போதாது என்று 2020-இல் ஏஎம்டியே எழுதியது. 2022 ஜனவரியில் இந்தக் கார்டு வந்த சமயத்தில் அந்தக் கட்டுரை கொஞ்ச நாள் காணாமல் போய், ஆட்கள் கேட்ட பிறகு திரும்பி வந்தது.

யாங்கோன்_வீடியோ:
செய்து பார்த்தேன் அண்ணே. ஹை-யில் மெமரி 4 ஜிபியை ஒட்டி நிற்கிறது, வளைவில் திக்குகிறது. மீடியத்துக்கு இறக்கியதும் 3 ஜிபி சொச்சம், வழுக்கிக்கொண்டு போகிறது. சரி, கேம் புரிந்துவிட்டது. ரெண்டர் ஏன் இழுக்கிறது? நெட்டில் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு கார்டும் கிட்டத்தட்ட சமம் என்றுதானே போடுகிறார்கள்?

பட்டறை_அண்ணன்:
அந்த ஒப்பீடுகளில் பாதி பிசிஐஇ 4.0 போர்டில் எடுத்தவை, அதுவும் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்). நின்று நின்று வருவது சராசரியில் தெரியாது, ஒரு சதவீதக் குறைந்தபட்சத்தை, அதாவது மிக மெதுவான நேரத்து எண்ணை, பார்க்கவேண்டும். உங்கள் போர்டில் எடுத்த கணக்கு எங்கேயாவது இருந்தால்தான் உங்களுக்கு உதவும்.

ரெண்டருக்குக் காரணம் வேறு. 1060-இல் என்வென்க் என்ற தனி என்கோடர் (வீடியோவைச் சுருக்கி எழுதும் பகுதி) உண்டு, எச்.264, எச்இவிசி என்ற இரண்டு வீடியோ வடிவங்களையும் அதுவே செய்துவிடும். 6500 எக்ஸ்டி-யில் வீடியோ என்கோடரே கிடையாது. முழுச் சுமையும் உங்கள் ஐ5-இன் நாலு கோர் தலையில் விழுகிறது. வீடியோ வேலை செய்கிறவருக்கு இந்தக் கார்டைக் கொடுத்த கடைக்காரர் உங்கள் தொழிலைக் கேட்கவே இல்லை போல.

தன்லின்_பாண்டி:
எச்81-ஐத் தூக்கிவிட்டு பழைய பி85 போர்டு ஒன்று வாங்கிப் போட்டால் 3.0 கிடைக்குமே? அதே சிபியு, அதே ராம்.

பட்டறை_அண்ணன்:
கிடைக்கும், நொடிக்கு 2 ஜிபி என்பது 4 ஜிபி ஆகும். என்கோடர் எங்கிருந்து வரும் பாண்டி? பத்து வருஷப் பழைய போர்டுக்குக் காசு கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

என் யோசனை: புதுக் கார்டைத் திருப்பிக் கொடுங்கள், கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை. 1060-க்கு ஃபேன் மட்டும் மாற்றுங்கள். சிப்பின் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்டையும் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். எப்படியும் வேறு கார்டு வேண்டுமென்றால் 1660 சூப்பர். 16 லேன், 6 ஜிபி, 1060-ஐ விட நல்ல என்கோடர். ஆனால் கைமாறி வருகிறவற்றில் காயின் மைனிங்கில் ராப்பகலாக ஓடியவை நிறைய.

தன்லின்_பாண்டி:
1060-க்கு டிரைவர் நின்றுவிட்டதாகச் சொன்னார்களே?

பட்டறை_அண்ணன்:
புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை தருவதாக என்விடியா சொல்லியிருக்கிறது. எடிட்டிங்குக்கு அது போதும். அதற்குள் மெஷினையே மாற்றவேண்டி வரும்.

யாங்கோன்_வீடியோ:
கடையில் பேசினேன். கொஞ்சம் பிடித்துக்கொண்டு எடுத்துக்கொள்கிறார்களாம். ஃபேன் வாங்கும்போது என்ன சொல்லிக் கேட்கவேண்டும்?

பட்டறை_அண்ணன்:
கார்டு பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், ஒரே 1060-க்கே பத்து விதமான ஃபேன் உண்டு. கழற்றி, நடுவில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணைப் போட்டோ எடுங்கள். வயர் எத்தனை பின், திருகு துளைகளுக்கு இடையே எவ்வளவு தூரம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். போட்டபின் ஒரு நீள ரெண்டர் விட்டுச் சூட்டைப் பாருங்கள். 83 டிகிரியைத் தொட்டால் கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்படியானால் பேஸ்ட் சரியாகப் படியவில்லை.

யாங்கோன்_வீடியோ:
கழற்றிவிட்டேன். இரண்டு ஃபேனில் ஒன்றுதான் ஆடுகிறது, நாலு பின். இரண்டையும் மாற்றவா?

பட்டறை_அண்ணன்:
இரண்டையும் மாற்றுங்கள். ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும், பெரும்பாலும் ஜோடியாகத்தான் விற்பார்கள்.