எடை குறைந்த ஓட்டக் காலணி: சொகுசும் உழைப்பும் ஒன்றாகக் கிடைக்குமா?

கேள்வி – தார்ச்சாலை

வணக்கம். வாரத்தில் நான்கு நாள் தார்ச்சாலையில் ஓடுகிறேன். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வரும். என் எடை 80 கிலோவுக்குச் சற்று மேல். இப்போது அணியும் ஷூ ஒவ்வொன்றும் 320 கிராம் இருக்கும். உழைப்பில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்து கிலோமீட்டரைத் தாண்டியதும் காலைத் தூக்கி வைப்பதே தனி வேலையாகத் தோன்றுகிறது. ஆகவே 230 கிராம் அளவிலான ஷூவுக்கு மாறலாம் என்று எண்ணுகிறேன். உடன் ஓடும் நண்பர்களில் ஒருவர், எடை குறைந்த ஷூ சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும் என்கிறார். இன்னொருவர், இப்போது வரும் ஃபோம் பழையது போல் அன்று, தாராளமாக வாங்கலாம் என்கிறார். கடையில் அணிந்து பார்த்தால் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கின்றன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? என் பாதம் சற்றுத் தட்டையானது. அதற்கென்று தனி வகை ஷூ வேண்டுமா என்பதையும் தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் – அடித்தட்டு

நண்பரே, ஒரு ஷூ 230 கிராம்தான் என்று சொன்னால், அந்த எடையை எந்தப் பாகத்தில் குறைத்தார்கள் என்று நான் முதலில் பார்ப்பேன். மேல்துணியில் குறைத்திருந்தால் பெரிய இழப்பு இல்லை. இன்றைய வலைத்துணிகள் மெல்லியதாக இருந்தும் நன்றாகவே தாங்குகின்றன. பெருவிரல் முட்டும் இடத்திலும், சுண்டுவிரல் ஓரத்தில் மடியும் இடத்திலும் உட்புறம் ஒரு மெல்லிய வலுவூட்டல் இருந்தால் போதும். அடியில் ஒட்டும் ரப்பரில் குறைத்திருந்தால்தான் உங்கள் முதல் நண்பர் சொல்வது நடக்கும். பல இலகு ஷூக்களில் குதிகாலிலும் முன்பாதத்திலும் சிறு சிறு துண்டுகளாக மட்டும் ரப்பரை ஒட்டி, மீதியிடத்தில் ஃபோமை அப்படியே தரையில் படும்படி விட்டுவிடுகிறார்கள். தார்ச்சாலையில் அந்த ஃபோம் அரைபடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ரப்பரிலும் இரண்டு வகை உண்டு. டயரில் இருப்பதைப் போலக் கார்பன் கலந்த ரப்பர் கெட்டியானது, கனமானது, நெடுநாள் உழைப்பது. காற்றுக்குமிழிகள் ஊட்டிய ரப்பர் மென்மையானது, எடை குறைந்தது, விரைவில் தேய்வது. நகத்தால் அழுத்திப் பார்த்தால் வேறுபாடு பெரும்பாலும் தெரிந்துவிடும். உங்கள் பழைய ஷூவைத் திருப்பிப் பாருங்கள். ஓடுபவர்களில் பெரும்பாலானோருக்குக் குதிகாலின் வெளியோரமே முதலில் தேயும். உங்களுக்கும் அப்படியென்றால், புதிய ஷூவில் அந்த ஓரத்தில் கெட்டி ரப்பர் இருக்கிறதா என்பதைப் பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

அடுத்தது அடி ரப்பருக்கும் மேல்துணிக்கும் நடுவில் இருக்கும் மிட்சோல், அதாவது அதிர்வைத் தாங்கும் ஃபோம் அடுக்கு. நெடுங்காலம் பயன்பட்டுவரும் ஈவிஏ ஃபோம் இலேசானது. ஆனால் ஓட ஓட அமுங்கி, பழைய உயரத்துக்கு மீளும் தன்மையை மெல்ல இழக்கும். 2013ஆம் ஆண்டில் அடிடாஸ் ‘பூஸ்ட்’ என்ற பெயரில் கொண்டுவந்த, டிபியு என்ற நெகிழும் பிளாஸ்டிக்கின் மணிகளாலான ஃபோம் மிக நன்றாக உழைக்கும். ஆனால் கனம் கூடுதல். 2017இல் நைக்கியின் பந்தய ஷூவோடு பரவலாக அறியப்பட்ட பீபா என்ற பிளாஸ்டிக் வகை ஃபோம் மிக இலேசு, துள்ளலும் அதிகம். விலையும் அதிகம், உழைப்போ பொதுவாகக் குறைவு. இப்போது உயர் அழுத்தத்தில் வாயுவைச் செலுத்தி உப்ப வைத்த ஈவிஏ ஃபோம்களும் வருகின்றன. அன்றாட ஓட்டத்துக்கு எடை, துள்ளல், உழைப்பு மூன்றும் ஓரளவு ஒத்துவருவது இந்த வகையில்தான் என்பது என் கணிப்பு. உங்கள் இரண்டாம் நண்பர் இதை மனத்தில் வைத்துத்தான் சொல்லியிருப்பார்.

எடைக் குறைப்பை எல்லைவரை கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2023 பெர்லின் மாரத்தானை டிக்ஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 நொடியில் முடித்து, பெண்களுக்கான அன்றைய உலக சாதனையைப் படைத்தபோது அவர் அணிந்திருந்த அடிடாஸ் ஷூ 138 கிராம்தான். அது ஒரு மாரத்தானுக்கும், அதற்கு முன் கால் பழகிக்கொள்ளும் ஓட்டத்துக்கும் மட்டுமே உரியது என்று தயாரித்தவர்களே சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆக்சிஜன் செலவு ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும் என்பது பல ஆய்வுகளில் கண்ட அளவு. நீங்கள் குறைக்க நினைப்பது 90 கிராம். பத்து கிலோமீட்டருக்குப் பின் கால் கனப்பதற்கு அந்த ஒரு சதவீதம் மட்டும் காரணமாக இருக்க முடியாது, மிட்சோல் செத்துப்போயிருக்கலாம். நானாக இருந்தால் 230க்கு இறங்காமல், முழு அடி ரப்பரோடு 250 முதல் 270 கிராமுக்குள் தேடுவேன்.

பதில் – நெடுவழி

மேலே சொன்னது பொருளைப் பற்றியவரை சரி. ஆனால் ஃபோமின் பெயரைப் பார்த்து ஷூ வாங்கிவிட்டு, விரல் நகம் கறுத்துப்போய் நிற்பவர்கள் ஏராளம். காலுக்குப் பொருந்தாத ஷூ எவ்வளவு உழைத்துத்தான் என்ன பயன்?

தட்டைப் பாதத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாத வளைவைப் பார்த்து, இவருக்கு இந்த வகை ஷூ என்று பிரித்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அமெரிக்க ராணுவத்திலும் விமானப் படையிலும் மரைன் படையிலும் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பாத வடிவத்தின்படியும், மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே வகையாகவும் ஷூ கொடுத்து ஒப்பிட்டார்கள். காயங்களின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக்கும் அவருடைய குழுவினரும் 2015இல் எழுதிய கட்டுரை, ஓடுபவர் தம் கால் சொல்லும் சொகுசைப் பின்பற்றித் தேர்ந்தெடுப்பதே பொருத்தமான வழியாக இருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தது. ஆகவே வலி எதுவும் இல்லாத தட்டைப் பாதத்துக்காக நீங்கள் தனி ஷூ தேட வேண்டியதில்லை. வலி இருந்தால் அது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆனால் கடையில் நின்றபடி உணரும் மெத்தென்ற தன்மையை அந்தச் சொகுசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மென்மையான ஃபோம் நிற்கும்போது இனிமையாக இருக்கும். 80 கிலோ எடை ஓட்டத்தில் அதன்மேல் இறங்கும்போது தரைவரை அமுங்கிவிடுவதும் உண்டு. கடைக்குள்ளேயோ வாசலிலோ நாலு எட்டு ஓடிப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். விடாத கடையில் வாங்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

மாலையில் போங்கள், நாள் முழுதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓட்டத்துக்கு அணியும் அதே சாக்ஸை எடுத்துச் செல்லுங்கள். இரண்டு பாதங்களும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய பாதத்துக்குத்தான் அளவு பார்க்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பிறகு உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் எழுந்து நில்லுங்கள். பாதத்தின் ஓரம் அதைத் தாண்டி வெளியே பிதுங்கினால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். ஒரு எண் பெரிதாக எடுத்து அதைச் சரிக்கட்ட முடியாது, அகலமான வடிவம்தான் வேண்டும். இலகு ஷூக்கள் பந்தய ஷூவின் வடிவ அச்சை ஒட்டிச் செய்யப்படுவதால் குறுகலாக இருப்பது அதிகம். குறுகலான ஷூவில் சுண்டுவிரல் ஓரத்துத் துணி சீக்கிரம் கிழியும் என்பதால், பொருத்தம் கெட்டால் உழைப்பும் கெடும்.

பதில் – சிற்றடி

ஷூ எவ்வளவு தூரம் உழைக்கும் என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 500 முதல் 800 கிலோமீட்டர். உங்கள் எடைக்கும் தார்ச்சாலைக்கும், இலகு ஷூவில் அந்த வரம்பின் கீழ்ப்பாதியை எதிர்பார்ப்பதே பாதுகாப்பானது. வாரம் 40 கிலோமீட்டர் என்றால் 500 கிலோமீட்டர் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். உங்கள் முதல் நண்பர் மிகைப்படுத்தவில்லை.

எண்ணைவிட அறிகுறிகளை நம்புங்கள். மிட்சோலின் பக்கவாட்டில் ஆழமான சுருக்கங்கள் நிலைத்துவிடுவது, மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் ஷூ ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது, ரப்பர் தேய்ந்து ஃபோம் தெரிவது ஆகியவை வெளிப்படையானவை. வழக்கமான தூரத்துக்கே கெண்டைக்காலும் முழங்காலும் புதிதாக அலுத்துக்கொண்டால், வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஒரு சிறு எச்சரிக்கை: தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பை வாங்கும்போது, நாக்குப் பகுதியின் உட்புறச் சீட்டில் தயாரிப்புத் தேதி அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பசையும் ஃபோமும் பெட்டிக்குள் இருந்தாலும் மூப்படையும். அதே காரணத்தால் நனைந்த ஷூவைச் சுடும் வெயிலில் காயப்போட வேண்டாம், வாஷிங் மெஷினிலும் போட வேண்டாம். இன்சோலை எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைத்தால் போதும்.

பதில் – தார்ச்சாலை

மூவருக்கும் நன்றி. பழைய ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். ‘அடித்தட்டு’ சொன்னபடியே குதிகாலின் வெளியோரம் தேய்ந்திருக்கிறது, மிட்சோலிலும் சுருக்கங்கள் இருக்கின்றன. இன்சோல் சோதனையில் பாதம் உள்ளேயே அடங்குகிறது. பழையதை முழுவதும் ஒதுக்கிவிட்டு, புதிய இலகு ஷூவுக்கு ஒரேயடியாக மாறிவிடலாமா? புதியதில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாடு 4 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது, பழையதில் 10.

பதில் – நெடுவழி

ஒரேயடியாக வேண்டாம். உயர வேறுபாடு 10இலிருந்து 4க்கு இறங்கினால், சுமை கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் கூடுதலாகப் போகும். முதல் சில வாரங்களுக்கு வாரத்தில் ஒருநாள், அதுவும் குறைந்த தூரத்துக்கு மட்டும் புதியதை அணியுங்கள். கெண்டைக்கால் மறுநாள் இறுகிப்போகாமல் இருந்தால் இரண்டு நாளாக்கலாம். 8 மில்லிமீட்டரில் அதே எடையுள்ள ஷூ கிடைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

பதில் – அடித்தட்டு

இரண்டு ஷூக்களை மாற்றி மாற்றி அணிவதை நானும் வழிமொழிகிறேன். லக்சம்பர்க் ஆய்வாளர்கள் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி அணிந்தவர்களுக்குக் காய ஆபத்து 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் உங்கள் பழைய ஷூவின் மிட்சோல் சுருங்கியிருப்பதால், மாற்றி அணிய அது ஏற்றதாகத் தெரியவில்லை. அதே கன வகையில் புதியதொன்றை நீண்ட ஓட்டங்களுக்கும், இலகுவானதை வேக ஓட்டங்களுக்கும் வைத்துக்கொண்டால் இலகுவானதன் மேல் விழும் தூரம் குறையும். அது நாட்கணக்கில் நெடுங்காலம் வரும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், முன்பு சொன்ன 250 முதல் 270 கிராம், முழு அடி ரப்பர், 8 மில்லிமீட்டர் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் ஒரு நடுத்தர மாதிரி அளவுக்குரியது; உங்கள் பாதம் பெரிதென்றால் தராசில் 20, 30 கிராம் கூடுதலாகக் காட்டினாலும் வியக்க வேண்டாம்.