வெள்ளத்தில் வீட்டைக் காப்பாற்றிய அனுபவங்கள்: ஆற்றோரக்காரர்கள் எழுதுங்கள்

சிந்துபூந்துறைக்காரன்:
ஐப்பசி வந்தாலே பாபநாசம், மணிமுத்தாறு அணை நிலவரம் பார்ப்பதுதான் நமக்கு வேலை. 2023 டிசம்பர் 17, 18 தாமிரபரணி வெள்ளத்தில் எது கைகொடுத்தது, எது வீண் என்று அவரவர் அனுபவத்தை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

தெருவே வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தது. வெளியே கணுக்கால் தண்ணீர்கூட இல்லை, அதற்குள் புறவாசல் கக்கூஸில் குபுகுபுவென்று சத்தம். கறுப்புத் தண்ணீர் பொங்கி அடுப்பங்கரை தாண்டி பட்டாசலுக்கு (கூடத்துக்கு) வந்துவிட்டது. ஆறு ஏறினால் வாருகால் (சாக்கடை) தண்ணீர் போக வழியில்லாமல் எதிர்த்து வரும், தாழ்வான வீட்டுக்குள் முதலில் நுழைவது அதுதான்.

அதற்கப்புறம் வெளியே போகும் குழாயில், தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு போட்டாச்சு. அதன் நாக்கில் முடி, துணி சிக்கினால் மூடாது, மழைக்கு முன்னால் திறந்து கழுவணும். வால்வு இல்லாதவர்கள் பாலிதீன் பையில் மணல் கட்டி, பழைய துணி சுற்றி, ஓட்டைகளில் அமுக்கி, மேலே ஆட்டுரல் குழவியைத் தூக்கி வையுங்கள். குளியலறை, துணி துவைக்கிற இடம் எதையும் விடாதீர்கள்.

கொக்கிரகுளத்து அக்கா:
மூட்டை வீண் இல்லை அண்ணாச்சி, அடுக்குகிற முறை இருக்கு. சிமெண்ட் சாக்கில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் மணல். முட்ட நிரப்பினால் உருண்டையாக நிற்கும், இடுக்கு அடையாது. முதலில் தார்ப்பாயை நடையிலிருந்து வெளிப்பக்கம் விரித்து, செங்கல் கட்டுகிற மாதிரி இணைப்பு மாறி மாறி வைத்து, ஒவ்வொரு வரிசையையும் காலால் மிதிக்கணும். அப்படியும் கசியத்தான் செய்யும், உள்ளே வாளியும் மாப்பும் வேண்டும்.

எங்க மாமனார் 1992 வெள்ளத்தையும் பார்த்தவர். அவருக்கு டி.வி. செய்தி எல்லாம் அப்புறம்தான். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயில் மண்டபத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று கேட்டால் போதும், அரிசி டிரம், பத்திரப் பெட்டி, கேஸ் சிலிண்டர் மூன்றும் மச்சுக்குப் போகணும் என்பார். பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்யச் சொல்வதும் அவர்தான். மரபீரோ ஊறிவிட்டால் கதவு திறக்காது, உள்ளே பட்டுப்புடவை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஸ்ரீவைகுண்டம் பக்கம்:
எங்கள் பக்கம் ஆறு மட்டும் இல்லை, குளங்களும் உடைந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது, எந்தக் கரை தாங்கும்? குளம் உடைந்து வருகிற வேகத்துக்கு மூட்டை நிற்காது. இன்னொன்று, வெளியே மூன்றடிக்கு மேல் நிற்கும்போது உள்ளே வரவிடாமல் அடைத்தால் பாரம் முழுக்கச் சுவரில். பழைய மண்சுவர், செங்கல் சுவர் சாயலாம். அந்த நிலையில் கதவைத் திறந்து விட்டுவிட்டு தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) ஏறுவதுதான் உத்தமம். பொருள் போனால் போகுது. குடிதண்ணீர், மாத்திரை, டார்ச் லைட், சார்ஜ் ஏற்றிய போன் மேலே இருக்கணும்.

பாளையங்கோட்டை எலக்ட்ரீசியன்:
அக்கா சொன்ன பட்டியலில் இன்வெர்ட்டர் பேட்டரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே மெயினை அணைக்கணும், நனைந்த தரையில் நின்று தொடக்கூடாது. இன்வெர்ட்டர் தனி, அதையும் அணைக்கணும். மெயின் போன பிறகும் அதிலிருந்து கரண்ட் வரும் என்பது பலருக்கு நினைவிருக்காது.

வடிந்த பிறகு, நனைந்த ஃபிரிட்ஜ், மோட்டாரை "ஓடுதா பார்ப்போம்" என்று போடுவதால் நல்ல மோட்டாரும் புகைந்துபோகும். ஆள் வைத்து உலர்த்திச் சோதித்துவிட்டுப் போடுங்கள். வண்டல் ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிடுங்கள், காய்ந்தால் மண்வெட்டிக்கும் அசையாது. தள்ளும்போது கம்பு கையில் இருக்கட்டும், சகதிக்குள் பாம்பு ஒதுங்கியிருக்கும்.

தரைக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டியை உடனே இறைக்க வேண்டாம். சுற்றி மண் ஊறியிருக்கையில் காலியாக்கினால் கீழிருந்து நீர் தள்ளி, தரை விரிசல் விடும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் மேலே மிதந்தே வந்துவிடும். நிலத்தடி நீர் இறங்கிய பிறகு இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் விட்டு, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதுசாகப் பிடியுங்கள். அதுவரை குடிக்க லாரித் தண்ணீரைக் காய்ச்சித்தான்.