மரபணுக் குறிப்பு எழுதுவோர் அனுபவங்கள்

ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து மரபணுக்களுக்கு ஜீன் ஆன்டாலஜி (மரபணுக்களின் செயலைக் குறிக்கும் பொதுச் சொற்பட்டியல்) குறிச்சொற்களை இடுபவர்களே, உங்கள் நேரத்தை எது அதிகம் விழுங்குகிறது? எனக்கு, புரதம் எந்த உயிரினத்துடையது என்ற கேள்வி. அண்மையில் படித்த கட்டுரையில் செல்கள் மனிதச் செல்கள். அவற்றுக்குள் செலுத்திய மரபணு மனிதனுடையதா, சுண்டெலியுடையதா? எங்கும் இல்லை. செய்முறைப் பகுதி ‘முன்பே விவரித்தபடி’ என்று ஒரு பழைய கட்டுரையைக் கைகாட்டியது. அது இன்னும் பழைய ஒன்றைக் கைகாட்டியது. அங்கேதான் ‘சுண்டெலி’ அகப்பட்டது. அது தெரியாமல் குறிப்பை யார் கணக்கில் எழுதுவது?

—

கட்டுரை எழுதியவர்களையே கேட்பதுதான் வழி. பிளவு ஈஸ்ட்டுக்கான பாம்பேஸ் தரவுத்தளம் கான்டோ என்ற கருவியின் மூலம் அதைத்தான் செய்கிறது. எங்கள் கட்டுரைக்கும் அழைப்பு வந்தது, நிரப்பினேன். மரபணு, குறிச்சொல் எல்லாம் எளிது. எந்த வகைச் சோதனையால் அது தெரியவந்தது என்று சொல்லும் சான்று வகையில் கை நின்றுவிட்டது. எங்கள் தலைப்பு, இந்த மரபணு குரோமோசோம் பிரிவைக் ‘கட்டுப்படுத்துகிறது’ என்று முழங்கியது. கையில் இருந்தவையோ, திடீர்மாற்றமடைந்த செல்களில் குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரியாத படங்கள். தரவுத்தளத்தின் தொகுப்பாளர் கேட்டார்: ‘இது நேரடி விளைவா, செல் நலிந்ததால் வந்ததா?’ ரைபோசோம் புரதம் ஒன்றைக் கெடுத்தால் செல்லில் எல்லாமே தடுமாறும். அதற்காக எல்லா நிகழ்வுகளையும் அந்த மரபணுவின் பெயரில் எழுதிவிட முடியாதே. எங்கள் மரபணுவின் புரதம் கினெட்டோகோரில் (குரோமோசோமை இழுக்கும் இழைகள் பற்றும் இடம்) அமர்ந்திருப்பதைக் காட்டும் படமும் இருந்ததால், ‘பங்கேற்கிறது’ என்ற அளவில் பதிவு நின்றது. ‘கட்டுப்படுத்துகிறது’ ஏறவில்லை. இதழின் மதிப்பாய்வாளர்கள்கூட எங்களை இவ்வளவு குடையவில்லை!

—

செல் பிரிவை இயக்கும் கைனேஸுக்கு (பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி)ப் பிளவு ஈஸ்ட்டில் சிடிசி2, அரும்பு ஈஸ்ட்டில் சிடிசி28, மனிதனில் சிடிகே1 என்று பெயர். மனித மரபணுவைப் பிளவு ஈஸ்ட்டில் வைத்தாலும் வேலை செய்கிறது என்பது 1987இலேயே தெரிந்துவிட்டது. பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலித் தரவுத்தளங்கள் 1998இல் ஜீன் ஆன்டாலஜிக்காகக் கைகோத்தபோது யாரும் தம் பெயர்களை விட்டுக்கொடுக்கவில்லை. செயலை மட்டும் பொதுச் சொற்களில் எழுத ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சமரசம் எனக்குப் பிடிக்கும்.

என் புகார் வேறு. சில புரதங்கள் அமினோ அமில வரிசையில் கைனேஸ் போலவே இருக்கும். சோதித்தால் கைனேஸ் வேலை செய்யாது. அப்படி ‘இல்லை’ என்று குறிக்கக் குறிப்புக் கோப்பில் ஒரு கட்டம் உண்டு. நாங்கள் பயன்படுத்திய பகுப்பாய்வு நிரல் அந்தக் கட்டத்தைப் படிக்கவே இல்லை. செயலற்றது என்று ஒருவர் பாடுபட்டு நிரூபித்த புரதம், எங்கள் பட்டியலில் கைனேஸ் வரிசையில் வந்து நின்றது. நிரலை எழுதியவர்களுக்குத் தெரிவித்தோம், பதில் இல்லை. இப்போது குறிப்புக் கோப்பினை முதலில் நாங்களே வடிகட்டிவிடுகிறோம்.

—

மாணவர்களிடம் இந்தக் குறிப்பெழுதும் வேலையைக் கொடுத்துப் பார்த்தீர்களா? டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தொடங்கிய காகாவோ போட்டியில் அணிகள் குறிப்பெழுதிப் புள்ளிகள் பெறும். எதிரணியின் குறிப்பில் பிழையைக் காட்டிப் புள்ளிகளைத் தட்டிப்பறிக்கவும் செய்யலாம். அதே விதியை என் வகுப்பில் வைத்தேன். கட்டுரைச் சுருக்கத்தைத் தாண்டிப் படிக்காதவர்கள் எதிரணியைக் கவிழ்ப்பதற்காகக் கட்டுரையின் துணைக் கோப்புகள் வரை தோண்டினார்கள். அவர்கள் எழுப்பிய ஆட்சேபங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல, நானும் அந்தக் கோப்புகளையெல்லாம் படிக்கவேண்டியதாயிற்று.