பாரிஸ் விடுதலை வீதிக் காட்சியை 1/35 அளவுச் சிறு மாதிரியாக அமைப்பது எப்படி?

கேள்வி: 1944 ஆகஸ்ட் 25 அன்று ஜெர்மானியப் பிடியிலிருந்து விடுதலையான பாரிஸின் ஒரு வீதியை, ஒரு ஷெர்மன் டாங்கியும் பத்து மனித உருவங்களும் கொண்டு அமைக்க விரும்புகிறேன். 30 சென்டிமீட்டர் சதுரப் பலகை போதுமா? எந்தச் சின்னங்களை வரைய வேண்டும்?

பதில் 1: டாங்கி ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளம் வரும் என்பதால் போதும், வீதியை விளிம்புக்கு இணையாக வைக்காமல் சற்றுச் சாய்த்து அமையுங்கள்.

பதில் 2: நகரை விடுவித்த பிரெஞ்சுத் தளபதி லெக்லெர்க்கின் இரண்டாம் கவசப் படைப்பிரிவின் சின்னம், பிரான்ஸ் வரைபடத்தின்மேல் லொரேன் சிலுவை (இரண்டு குறுக்குக் கோடுகள் கொண்ட சிலுவை). விடுதலைக்கு முந்தைய நாள் மாலையே நகருக்குள் நுழைந்த, இப்படைப்பிரிவின் ஒன்பதாம் கம்பெனியில் பெரும்பாலோராக இருந்த ஸ்பானியக் குடியரசு வீரர்கள் (ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுக்காகப் போரிட்டவர்கள்), தங்கள் ஹாஃப்டிராக் வண்டிகளுக்குக் (முன்னால் சக்கரமும் பின்னால் டாங்கியைப் போன்ற சங்கிலிப் பட்டையும் கொண்ட கவச வண்டிகள்) 'குவாதலஹாரா', 'தெருவேல்' எனத் தம் நாட்டுப் போர்க்களங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். டாங்கிக்குப் பதிலாக அத்தகைய வண்டியை வைப்பதையே நான் விரும்புவேன்.

பதில் 3: மக்கள் வீதிக்கற்களைப் பெயர்த்து எழுப்பிய தடுப்பரணை மறந்துவிடாதீர்கள், கற்களைத் தனித்தனியாக வார்த்து, பெயர்த்த இடத்தில் மண் தெரியுமாறு விடுங்கள்.