கைரேகை விழவில்லை, சிக்னல் இல்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

குடியாத்தம் செல்வி
பீடி சுற்றியே ரேகை தேய்ந்துபோன கை என் மாமியாருக்கு. ரேஷனில் கட்டைவிரல் வைத்தார், விழவில்லை. ஆள்காட்டி விரலும் விழவில்லை. "தலையில நல்லா தேச்சிட்டு வைம்மா" என்றார் கடைக்காரர். இருக்கிற கொஞ்ச முடியில் விரலைத் தேய்த்துத் தேய்த்து வைக்கிறார், பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. தனிக் கார்டு, வேறு பெயரும் அதில் இல்லை. வெறும் பையோடு திரும்பி வந்து, "நான்தான்னு நானே சொல்றேன், அது நம்பலையே" என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

மலையடிவாரம்
நூறு நாள் வேலையிலும் இதே கதைதான். 2023 ஜனவரியில் காலையும் மதியமும் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றுவதைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் ஏரிக்கரையில் சிக்னல் கிடையாது. பொறுப்பாளர் பெண் பாறை மேல் ஏறி போனைத் தூக்கிப் பிடித்திருக்க, கீழே அக்காக்கள் வெயிலில் மண்வெட்டியோடு வரிசையாக நின்றார்கள். மதியப் படம் ஏறவே இல்லை. மண் வெட்டியது வெட்டியதுதானே, கூலி எங்கே?

ஓய்வூதியர் வேலூர்
செல்வி, கருவியையே குறை சொல்லாதீர்கள். முன்பு செத்தவர் பெயரிலும் அரிசி போனது. பென்ஷனுக்காக, உயிரோடு இருக்கிறேன் என்று காட்டும் வாழ்வுச் சான்றுக்கு நவம்பரில் அலைந்த நான், இப்போது வீட்டிலேயே போனில் முகம் காட்டி முடித்துவிடுகிறேன். பேரன் எடுத்துக் கொடுக்கிறான்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஆதார் மையத்தில் பத்து விரலையும் புதுப்பியுங்கள். எந்த விரல் நன்றாக விழுகிறது என்று பார்த்து அதையே வைக்கச் சொல்லுங்கள். கைரேகை விழாததற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரிலேயே மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். மசியவில்லையென்றால் வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்குங்கள். நடக்க முடியாதவர் என்றால் வேறொருவர் வாங்கித்தர அங்கீகாரப் படிவமும் உண்டு.

குடியாத்தம் செல்வி
ஐயா, உங்களுக்குப் பேரன் இருக்கிறான். 2017 கடிதம் கடைக்காரருக்கே தெரியவில்லை, மாமியாருக்கு எப்படித் தெரியும்? கருவியைக் கொடுத்த அன்றே, விழாவிட்டால் என்ன செய்வது என்று கடைச் சுவரில் நாலு வரி எழுதிப் போட்டிருக்கலாமே.

சரி, கருவிழி பார்க்கும் கருவி வந்திருக்கிறதாம். மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆனது. அப்படிப்பட்டவர்களுக்கு அது வேலை செய்ததா? பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள், அடுத்த வாரம் சரக்கு போடுகிறார்கள்.