நெல்லி மெல்பாவின் குரலை வளர்த்த ஆசிரியர் யார்?

கல்லடி வாசகி:
வணக்கம். மேலைத்தேய சங்கீதம் பயிலும் மாணவர்களுக்காக, அவுஸ்திரேலிய ஒபேராப் பாடகி நெல்லி மெல்பாவைப் பற்றிக் குறிப்பெழுதி வருகிறேன். 1886இல் பரிஸில் குரலிசை ஆசிரியை மத்தில்ட் மார்க்கேசியிடம் சேர்ந்த அவர், 1887 ஒக்ரோபரிலேயே பிரசெல்ஸில் ‘ரிகொலெற்றோ’ ஒபேராவின் கில்டா பாத்திரத்தில் அரங்கேறினார். இவ்வளவு குறுகிய காலத்தில் ஒருவரை முதன்மைப் பாடகியாக்க ஓர் ஆசிரியரால் முடியுமா?

காரைதீவான்:
முடியாது, அக்கா. மார்க்கேசியிடம் வந்தபோதே அக்குரல் பெருமளவு பண்பட்டிருந்தது. 1861இல் மெல்பேர்ணில், ஸ்கொட்லாந்திலிருந்து குடியேறிய கட்டட ஒப்பந்தகாரர் டேவிட் மிற்செலின் மகளாகப் பிறந்த ஹெலன் (மெல்பாவின் இயற்பெயர்), அந்நகரில் வாழ்ந்த இத்தாலியரான பியெற்றோ செக்கியிடம் பல ஆண்டுகள் பாடக் கற்றவர். 1882இல் மணமுடித்துக் குவீன்ஸ்லாந்தின் மக்காய்க்குச் சென்றவர், அந்த வாழ்க்கை ஒத்துவராமல் மகனுடன் திரும்பி, 1884இல் மெல்பேர்ண் மேடையேறினார். 1886இல் இலண்டனில் நடந்த இந்திய, குடியேற்றநாட்டுக் கண்காட்சிக்குத் தந்தை ஆணையாளராகச் சென்றதாலேயே அவருக்கும் ஐரோப்பா வாய்த்தது. புறப்படும் வேளையில் செக்கி கட்டணப் பாக்கியைக் கேட்டதால் மனக்கசப்பு மூண்டது. பின்னாளில் மெல்பா மார்க்கேசியின் பெயரையே முன்னிறுத்தினார். கூத்துப் பழக்கிய அண்ணாவியாரை மறந்து களரியேறும் கூத்தரை நம் ஊர்களில் யாரும் மதிக்கமாட்டார்கள். இதை மாணவர்களுக்குச் சொல்லத் தயங்காதீர்கள்.

அக்கரைப்பற்று இரசிகன்:
செக்கியின் பங்கை ஏற்கிறேன். ஆனால் மார்க்கேசியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இலண்டனில் இசையமைப்பாளர் ஆதர் சலிவன் முதலியோரிடம் பாடிக் காட்டியும் பயன் கிடைக்காத பெண்ணுக்கு, பரிஸில் மார்க்கேசியின் சிபாரிசு அரங்குகளைத் திறந்தது. ‘மெல்பா’ என்ற மேடைப் பெயரும் அக்காலத்திலேயே வந்தது. அப்படியிருந்தும் 1888இல் இலண்டனின் கொவென்ற் கார்டன் ஒபேரா அரங்கு மெல்பாவைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. 1889இல் பாடகர் ஜோன் டி ரெஸ்கேயுடன் ‘ரோமியோவும் ஜூலியற்றும்’ ஒபேராவைப் பாடிய பிறகே நிலைமை மாறியது.

காரைதீவான்:
அதை மறுக்கவில்லை, தம்பி. அக்கா, எமி ஷெர்வின் என்ற பாடகியையும் உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். தஸ்மானியாவில் பிறந்த அவர், ஐரோப்பாவுக்குப் போகும் முன்பே, 1878இல் ஹோபார்ட்டில் ஊரூராகச் சென்ற இத்தாலியக் குழுவொன்றுடன் அரங்கேறியவர். 1935இல் இலண்டனில் வறுமையில் இறந்தார்.

கல்லடி வாசகி:
இருவருக்கும் நன்றி. செக்கிக்குத் தனிப் பந்தி ஒதுக்குகிறேன். மெல்பாவின் 1904ஆம் ஆண்டு இசைத்தட்டுகளை வகுப்பில் ஒலிக்கச் செய்தால், பயிற்சி பற்றிய இந்த விவாதத்தை மாணவர்கள் காதாலும் தொடரலாம்.