பழவேற்காடு போகிறீர்களா? முதலில் முகத்துவாரத்தைக் கேளுங்கள்

அம்பத்தூர்:
தை மாதத்தில் ஒரு ஞாயிறு பழவேற்காடு ஏரிக்குப் போகிறோம், பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் மூன்று பேர். பூநாரை பார்க்கணும், டச்சுக் கல்லறை பார்க்கணும், திரும்பும்போது நண்டு வாங்கணும். படகில் ஏற்றுவார்களா? போய் வந்தவர்கள், அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம்:
சார், நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கிறது: ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம். திறந்திருக்கிறதா, தூர்ந்து கிடக்கிறதா என்று தெரிந்தால் நண்டு, இறால், பறவை மூன்றையும் ஓரளவு கணித்துவிடலாம்.

பழவேற்காடு ஏரி பெரியது, ஆனால் ஆழமில்லை. பல இடங்களில் இடுப்பளவுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு நுனிதான் நம் பக்கம். ஆரணி ஆறு இங்கே வந்து விழுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் இறங்கினால் அந்த வேகமே மணலை அறுத்து வாயைத் திறந்துவிடும். மழை நின்று ஆற்றுத் தண்ணீர் குறைந்ததும் நிலைமை தலைகீழ். கரையோரமாகக் கடல் தள்ளிக்கொண்டு வரும் மணல் வாயில் குவியும், அதை வெளியே தள்ள உள்ளிருந்து வேகம் இருக்காது. கோடையில் அடைந்துபோவது இதனால்தான். தூர்வாரினால் மட்டும் நிற்காது, அடுத்த சில மாதத்தில் மணல் திரும்ப வந்துவிடும்.

அடைந்தால் என்ன ஆகும்? வெயிலில் ஏரித் தண்ணீர் ஆவியாகும், புதுத் தண்ணீர் வராது. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு என்றால் ஏரியில் அதையும் தாண்டிப் போகும். மழைக்காலத்திலோ அதே இடம் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர் மாதிரி ஆகிவிடும்.

இறாலின் கணக்கு வேறு. அது முட்டையிடுவது கடலில். குஞ்சு ஏற்றத்தோடு, அதாவது கடல்நீர் உள்ளே ஏறும்போது, ஏரிக்குள் வந்து, சில மாதம் வளர்ந்து, வற்றத்தோடு, அதாவது நீர் வெளியே இறங்கும்போது, கடலுக்குத் திரும்பும். ஆகவே வாய் அடைந்த வாரமே இறால் குறையாது, உள்ளே இருப்பது பிடிபட்டுக்கொண்டே இருக்கும். வலை காலியாவது மூன்று நான்கு மாதம் கழித்துத்தான். "வாய் திறந்துதானே இருக்கு, இறால் ஏன் இல்லை?" என்று கேட்பவர்கள் போன பருவத்தைக் கேட்க வேண்டும்.

அங்கே பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதை ஊரார் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நீருக்குள் கழி நட்டிருக்கும் இடங்களில் இறங்கிக் குளிப்பது, பிள்ளைகளை விட்டு விளையாடுவது வேண்டாம். அது ஒருவருடைய அன்றைய வருமானம்.

தாம்பரம்:
பூநாரைக்குத் தை மாதம் பரவாயில்லை, ஆனால் மாசி, பங்குனி இன்னும் நல்லது. காரணம் தண்ணீர்மட்டம். பூநாரை தலையைத் தலைகீழாக நீரில் விட்டு, சேற்றையும் நீரையும் அலகில் வடிகட்டித் தின்னும் பறவை. மழை முடிந்த கையோடு ஏரி நிறைந்து கிடந்தால் மேய்ச்சலுக்கு ஏற்ற இடம் குறைவு, கூட்டம் சிதறி ஓரங்களில் நிற்கும். தண்ணீர் வற்றி முழங்கால் ஆழத் திட்டுகள் விரிந்ததும் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் சேரும்.

பழவேற்காடு ஊருக்குள் நின்று தேடினால் தூரத்தில் வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். அண்ணாமலைச்சேரி என்ற ஊருக்குப் போகலாம், அது ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே காலையில் நின்றால் சூரியன் கண்ணுக்கு நேராக வரும், பறவை எல்லாம் கறுப்பாகத் தெரியும். பிற்பகல் மூன்றரைக்கு மேல் போங்கள். காலைதான் வசதி என்றால் சூலூர்ப்பேட்டை வரை மின்ரயிலில் போய், அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலைக்குப் போகலாம். அது ஏரியின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்காகப் போகும் சாலை. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் சாலையின் வடக்குப் பக்கம் பார்த்து நில்லுங்கள், வெளிச்சம் முதுகில் விழும்.

8×42 பைனாகுலர் போதும். பத்து மணிக்கு மேல் கானல் அலையும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டெலஸ்கோப்பும் அப்போது வீண். பூநாரை நடையை நிறுத்திக் கழுத்தைத் தூக்கிப் பார்த்தால் நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், இரண்டடி பின்னால் போங்கள். அது கிடைக்காவிட்டாலும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, ஊசிவால் வாத்து நிச்சயம் ஏமாற்றாது. ராக்கெட் ஏவும் நாளில் மட்டும் அந்தச் சாலைப் பக்கம் போகாதீர்கள், கெடுபிடியும் கூட்டமும் சேர்ந்து நாள் போய்விடும்.

எண்ணூர்:
படகு பற்றி யாரும் சொல்லவில்லையே. வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உல்லாசப் படகு சவாரிக்குத் தடை. கரையில் யாராவது வந்து "ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். ஏரி அமைதியாகத்தான் தெரியும். முகத்துவாரத்தில் வற்றத்தின் நீரோட்டம் வெளியே இழுக்க, கடல் அலை எதிரே வந்து மோதும். மணல் திட்டு மேலே அந்த அலை செங்குத்தாக எழும்பும். ஆட்கள் நிறைந்த படகில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் போதும்.

வழி: சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் பொன்னேரி, அங்கிருந்து பேருந்து. ஞாயிற்றுக்கிழமை ரயில் அட்டவணை வேறு, பார்த்துக்கொள்ளுங்கள். காரில் போனால் காட்டுப்பள்ளி வழியாகக் கடலோரச் சாலை குறுக்குவழி என்று வரைபடம் காட்டும். கடல் கொந்தளித்த வாரங்களில் அதில் மணல் ஏறிக் கிடக்கும், சின்னக் கார் சக்கரம் புதையும். பொன்னேரி சாலையே மேல். குடிதண்ணீர் எடுத்துப் போங்கள், அங்கே நிலத்தடி நீர் உப்பு.

புரசைவாக்கம்:
கல்லறைக்கு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 76 கல்லறைகளும் நினைவுச் சின்னங்களும் இருக்கின்றன. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கும், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ் தேய்க்காதீர்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். ஊரில் டச்சுக் கோட்டையும் உண்டு, 1613இல் கட்டியது, பெயர் கெல்டிரியா. 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம். இன்று புதரும் மேடும்தான், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

பள்ளிவாசல் ஒன்றில் நிழல் கடிகாரம் இருக்கிறது. அனுமதி கேட்டு, தொழுகை நேரம் தவிர்த்துப் பாருங்கள். கைக்கடிகாரத்தோடு ஒத்துவரவில்லை என்று பலர் "ரிப்பேர்" என்கிறார்கள், அது தப்பு. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, ஊர் 80.3 டிகிரியில். டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் சுமார் 9 நிமிடம் பின்தங்கும். அதோடு சூரியனின் சொந்த ஏற்ற இறக்கமும் சேரும்: பிப்ரவரி நடுவில் மொத்தம் 23 நிமிடம் போலப் பின்னால், நவம்பர் தொடக்கத்தில் 7 நிமிடம் போல முன்னால்.

அம்பத்தூர்:
நன்றி. நண்டு?

ராயபுரம்:
சேற்று நண்டைத்தான் கேட்பீர்கள். கட்டிப்போட்ட நண்டைத் திருப்பி, கடைசிக் காலுக்குப் பக்கத்தில் அடிப்புற ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் சதை நிரம்பியது. அமுங்கினால் சமீபத்தில் ஓடு கழற்றியது, வேகவைத்தால் தண்ணீர்தான். அமாவாசை நண்டுக்குத்தான் சதை என்பார்கள். நிலாவைவிட கட்டைவிரலை நம்பலாம். அடிவயிற்று மூடி அகன்று வட்டமாக இருந்தால் பெண், குறுகி முக்கோணமாக இருந்தால் ஆண். ஈரக் கயிற்றோடு நிறுத்தால் கயிற்றின் எடைக்கும் காசு கொடுக்கிறீர்கள் என்று நினைவிருக்கட்டும்.

வீட்டுக்குக் கொண்டுவர ஈரச் சாக்கு போதும். வாளித் தண்ணீரில் போட்டால் ஆக்சிஜன் தீர்ந்து வழியிலேயே செத்துவிடும், செத்த நண்டைச் சமைக்கவே கூடாது. இறால் வாங்கினால் எடைக்கு எடை ஐஸ், உருகிய தண்ணீர் வடிய அடியில் வழி இருக்கணும். தலை ஆடாமல் ஒட்டியிருக்கிறதா, கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறதா பாருங்கள்.

மழை முடிந்த சமயத்து ஏரி மடவையில் சில நாள் சேற்று வாடை இருக்கும். கெட்ட மீன் என்று பேரம் பேச வேண்டாம். உப்பு, மஞ்சள், கொஞ்சம் புளிக்கரைசல் தடவி அரைமணி வைத்துக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வரத்து குறையும்போது ஏரி மீனுக்கும் விலை ஏறும். நீங்கள் போகும் தை மாதத்தில் அந்தக் கவலை இல்லை.

எண்ணூர்:
ஞாயிறு பத்து மணிக்குப் போய் நல்ல நண்டு கேட்காதீர்கள். அதற்குள் பெரியது எல்லாம் வண்டி ஏறியிருக்கும்.